இடப்பக்கத்து பிரேக்

மாமா குளித்துக்கொண்டிருக்கிறாராம், அரை மணி நேரத்தில் வந்துவிடுவாராம், போனில் அத்தை சொன்னாள். அரை மணி நேரம் போதும். அண்ணனைக் கொல்வதா விடுவதா என்று முடிவு செய்ய அரை மணி நேரம் தாராளம் என்று நினைத்துக்கொண்டு இந்தப் பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். மணி ஏழு. கோவில்பட்டி வெயிலுக்கு ஏழு மணி என்பதெல்லாம் ஒரு பொருட்டா, இப்போதே பிடரியைப் பிடிக்கிறது. எதிரே கரிசல் பொட்டலில் இரண்டு வண்டிகள், சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, இரண்டின் தலையிலும் எங்கள் டிரைவிங் ஸ்கூல் பலகை. அண்ணன் தவசி வெள்ளையைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். சிவப்பின் மேல் ஒரு விரல்கூடப் படவில்லை. பங்கு பிரிக்கிற நாளில்கூட அவன் கை வெள்ளைக்குத்தான் போகிறது, துடை, நல்லா துடை, பிணத்தைக் குளிப்பாட்டுகிற மாதிரி துடை. எங்கள் வழக்கத்தில் மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். ஓரவஞ்சனையாக வைத்தால் நல்லது தம்பிக்குப் போய்விடும் என்று பயந்து ஒழுங்காக வைப்பானாம், யாரோ விவரமானவன் செய்த ஏற்பாடு. அண்ணன் வைத்துவிட்டான். வெள்ளை வண்டி ஒரு பங்கு. சிவப்பு வண்டியும், பஸ் ஸ்டாண்ட் எதிரே இருக்கிற ஆபீஸ் அறையும் இன்னொரு பங்கு. தாய்மாமன் முன்னால் நான் வாயைத் திறந்து எது வேண்டும் என்று சொன்னால் பதினொரு வருஷக் கூட்டு முடிந்தது. வெள்ளை என்று சொன்னால் அவன் பிழைத்துக்கொள்வான். சிவப்பு என்று சொன்னால் வெள்ளை அவனுக்குப் போகும், இந்த வாரத்துக்குள் அது அவனைக் கொன்றுவிடும். இது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒன்பது நாளாகியும் என் இடது காதுக்குள் ஒரு கொசு நிற்காமல் பாடிக்கொண்டிருக்கிறது, அவன் அறைந்த காது.

ஆபீஸ் அறையை எதற்குச் சிவப்போடு சேர்த்தான்? நான் சிவப்பை எடுக்கவேண்டும் என்றுதான். அந்த அறையைக் காட்டி ஆசை மூட்டினால்தான் சிவப்பை எவனாவது தொடுவான், அப்படிப்பட்ட வண்டி. இரண்டையும் ஒரே வருஷத்தில் வாங்கினோம், ஒரே அளவு சின்ன வண்டிகள், ஒரே பொட்டலில் ஒரே மாதிரி கத்துக்குட்டிகள் கையில் மிதிபட்டவை. சிவப்புக்கு ஒன்பது தடவை கிளச் பிளேட் மாற்றியாயிற்று, வெள்ளைக்கு நாலே தடவை. சிவப்பின் ரேடியேட்டர் இரண்டு முறை பொத்துக்கொண்டது, ஒரு தடவை எட்டயபுரம் ரோட்டில் கொதித்து, மூடியைத் திறந்த என் முழங்கையை வேகவைத்தது, தழும்பு இருக்கிறது. செல்ஃப் மோட்டார் மூன்று. மூன்றாவது வருஷமே ஏசி செத்தது. இடது கதவுக் கண்ணாடி பாதியில் நிற்கும், மழை பெய்தால் என் தொடை நனையும். ஒரு நாள் கியர் கம்பு கழன்று கல்யாணமாகிப் பத்து நாளான ஒரு பெண்ணின் கையோடு வந்துவிட்டது, அவள் அதைப் பிடித்துக்கொண்டே அழுதாள். பட்டறைக்காரர், இது எனக்குச் சொந்தக்கார வண்டியப்பா, வாரம் தவறாம பார்க்க வந்துரும் என்பார். எத்தனை தடவை அதை எட்டி உதைத்திருக்கிறேன், பம்பரில் என் கால் பட்ட நசுங்கல் இருக்கிறது, ஒரு நாள் ஜாக்கிக் கம்பியால் பானெட்டில் ஓங்கிப் போட்டேன், அந்தக் குழியில் இப்போதும் மழைத்தண்ணீர் தேங்கும். ஆனால் சிவப்பு எதையும் மறைக்காது. முனகும், புகையும், நாறும், ஒரு வாரம் முன்னாலேயே அலறிவிட்டுத்தான் நிற்கும். கிளச் கேபிள் அறுந்து அறுந்து மாதம் ஒரு தடவை பெடலுக்குக் கீழே தலையைக் கொடுப்பேன், கொடுக்கும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றையும் பார்த்துவிடுவேன், எண்ணெய் விட வேண்டியதற்கு விடுவேன், நைந்ததை மாற்றுவேன். கெட்டுக்கெட்டே அதன் உள்பாகமெல்லாம் புதுசாகிவிட்டது.

வெள்ளை ஒரு தடவைகூட நடுரோட்டில் நின்றதில்லை. ஆயில், பேட்டரி, டயர், அவ்வளவுதான். வெள்ளை ஏமாத்தாதுடா என்பான் அண்ணன், யார் வந்தாலும் சொல்வான், ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்வான், டீக்கடையில் சொல்வான், ஏதோ இவன்தான் பெற்றெடுத்த மாதிரி. ஏமாற்றாத வண்டியை எவன் திறந்து பார்க்கிறான்? டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுக்கிறவன் இடதுபக்கம் உட்காருவான், அவன் காலுக்குக் கீழேயும் ஒரு கிளச்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். அது வண்டி செய்தவன் வைத்தது இல்லை, இங்கே பட்டறையில் வைப்பது. இடது பிரேக்கிலிருந்து ஒரு வயர் போய் வலது பிரேக்கை இழுக்கும், அந்த வயர்தான் எங்கள் உயிர். சிவப்பில் அதை நாலு தடவை மாற்றியிருக்கிறேன். வெள்ளையில் பதினொரு வருஷமாக அதே வயர். ஒன்பது நாளைக்கு முன்னால் டெஸ்ட் மைதானத்தில், எங்களிடம் ஓட்டக் கற்றுக்கொள்கிற செல்வக்கனி டீச்சர் ரிவர்ஸ் எடுத்தாள், நான் இடதுபக்கம் இருந்தேன், கம்பம் வருகிறது, பிரேக்கை மிதித்தேன், பெடல் கீழே போனது, வண்டி நிற்கவில்லை, போனது, இடித்தது, பின்விளக்கு நொறுங்கியது. அண்ணன் ஓடிவந்தான். வெள்ளையைத் தடவிப் பார்த்தான், முதலில் வெள்ளையைத்தான் தடவினான். பிறகு என் பக்கத்துக் கதவைத் திறந்து, ஒங்காலு என்னலே புடுங்கிக்கிட்டு இருந்துச்சு என்றான். மிதிச்சேண்ணே, பிடிக்கல என்றேன். பொய் சொல்லுதியோ என்று அறைந்தான். நாற்பது வயசுக்காரனை, இன்ஸ்பெக்டர் பார்க்க, பதினாலு பேர் பார்க்க. சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான், நான் கையை ஊன்றி விழுந்தேன், தார் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. டீச்சர்தான் அழுதுகொண்டு, சார், தப்பு எம்மேலதான், அவரை ஏன் அடிக்கீங்க என்றாள். அவள் தப்பும் இல்லை, என் தப்பும் இல்லை. முந்தாநாள் சாயங்காலம் யாரும் இல்லாதபோது இடது பெடலுக்கு மேலே இருக்கிற மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். வயர் நைந்து, பிரிபிரியாக விட்டுப்போய், நாலே நாலு பிரியில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. சத்தியமாகச் சந்தோஷம். பார்லே, பாருடா தவசி, நான் மிதிச்சேன் என்று அவன் மூஞ்சியை அந்த வயரில் தேய்க்க வேண்டும் என்று எழுந்தேன். எழுந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். மூடியை மறுபடி போட்டு அமுக்கினேன். அந்தச் சின்னச் சத்தம், டிக், அது இன்னும் விரலில் இருக்கிறது.

நடப்பது இப்படித்தான் நடக்கும். இந்தப் பொட்டலின் வாசல் சர்வீஸ் ரோட்டில் திறக்கிறது, அங்கிருந்து இருநூறு அடியில் நாலுவழிச் சாலை. தெற்கேயிருந்து லாரி வரும், தீக்குச்சி ஏற்றிக்கொண்டு, தார்ப்பாய் படபடக்க வரும். அண்ணன் காலால் பிரேக் போடுகிறவன் இல்லை, வாயால் போடுகிறவன், பிரேக்கு பிரேக்கு பிரேக்கு என்று கத்தியே நிறுத்திவிடுவான், அதனால்தான் இத்தனை நாள் அந்த நாலு பிரி தாங்கியிருக்கிறது. லாரியைப் பார்த்தால் கத்த நேரமிருக்காது. மிதிப்பான், முழு உடம்பையும் கொடுத்து மிதிப்பான், பெடல் பொத்தென்று தரையில் போய் ஒட்டும். அந்த ஒரு நொடி. அந்த நொடியில் அவனுக்குத் தெரியும், மிதிச்சேண்ணே பிடிக்கல என்று நான் சொன்னது அப்போது காதில் விழும். பிறகு இடது கதவு உள்ளே வரும், விலாவுக்குள் வரும், கண்ணாடி அவன் வாய்க்குள் போகும், டீக்கடை டீக்கடையாக வெள்ளையைப் புகழ்ந்த வாய். தலை டேஷ்போர்டில் மோதித் தேங்காய் மாதிரி. இதைத்தான் இரண்டு ராத்திரியாகப் பார்க்கிறேன், அலுக்கவே இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஓரிடத்தில் முள் குத்துகிறது. ஓட்டுவது யார்? இடதுபக்கம் அவன், சரி. வலதுபக்கம் யாராவது இருந்தாக வேண்டுமே, வண்டி தானாகவா போகும். பிடிக்காத ஒருத்தனை உட்காரவைத்துப் பார்த்தேன், ஓட்டும்போதே போன் பேசுவானே அந்தக் காண்ட்ராக்டர், அவனை. லாரி இடிக்கிற நேரத்தில் அவனுக்கு வலிப்பு வந்த மாதிரி வாய் கோணியது, அவன் மகள் ஸ்கூல் பையோடு ஒரு நாள் வண்டியில் வந்தது ஞாபகம் வந்தது, இறக்கிவிட்டேன். யாரும் வேண்டாம். வலதுபக்கம் காலி. ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது, லாரி வருகிறது, கதவு உள்ளே வருகிறது, நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் காலி சீட்டில் மெல்ல மெல்ல ஒரு முழங்கை முளைக்கிறது, கண்ணாடி வளையல் போட்ட முழங்கை. சனியன். மறுபடி முதலிலிருந்து. லாரி. தார்ப்பாய்.

ஒரு டம்ளர் என் பக்கத்தில் டயர்மேல் உட்கார்ந்தது. அண்ணன்தான். ஒன்பது நாளில் முதல் தடவையாகப் பக்கத்தில் வந்திருக்கிறான், சோப்புத் தண்ணீர் வாடை அடிக்கிறது, கையில் வெள்ளையின் அழுக்கு. என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து, குடி, ஆறிரும் என்றான். பிறகு, காது எப்படி இருக்கு என்றான். எந்தக் காது என்றேன். அவன் கொஞ்சம் நின்றான், பிறகு போய்விட்டான். எந்தக் காது! அடித்தவனுக்கு எந்தக் காது என்றுகூடவா தெரியாது என்று கேட்டிருக்க வேண்டும், டீயை மூஞ்சியில் ஊற்றிவிட்டுக் கேட்டிருக்க வேண்டும். பத்து வயசில் என் கையை முறுக்கி ஒடித்தவன். பம்புசெட்டுத் தொட்டியில் என் தலையை அமுக்கி எண்ணிக்கொண்டிருந்தவன், ஒண்ணு, ரெண்டு, மூணு என்று நிதானமாக. நானும் சும்மா இருந்தவன் இல்லை, அவன் தோளில் கடித்துச் சதையைத் துப்பியிருக்கிறேன், வேட்டி கட்டிச் சட்டையில்லாமல் நின்றால் இப்போதும் தெரியும். அப்பா செத்த அன்றைக்கு மயானத்திலேயே யார் தண்ணிப்பானை தூக்குவது என்று சட்டையைப் பிடித்துக்கொண்டோம். எங்களுக்குள் பேச்சு என்பதே இதுதான், வேறு பேச்சு நாங்கள் படிக்கவே இல்லை. அதற்காக எந்தக் காது என்று கேட்டதும் அவன் நின்றானே, ஏன் நின்றான், அதை ஏன் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் அறைந்தது கையால். நான் செய்யப்போவது கையால்கூட இல்லை. சும்மா இருக்கப் போகிறேன், அவ்வளவுதான். சும்மா இருந்தவனை எந்தப் போலீஸ் பிடிக்கும்? வயர் அறுந்தது, வண்டி பழசு, பாவம் மனுஷன் என்பார்கள், நான்தான் தலைமாட்டில் நிற்பேன், நான்தான் பானை தூக்குவேன். டீ நன்றாகத்தான் இருந்தது. குடித்துத் தொலைத்துவிட்டேன். பல்லைக் கடித்ததில் தாடை வலிக்கிறது, வலது கால் தன்பாட்டுக்குத் தரையை மிதித்துக்கொண்டிருக்கிறது. இது எங்கள் தொழிலில் உள்ளவனுக்கு வருகிற கிறுக்கு. பஸ்ஸில் போனாலும் மிதிப்பேன், இல்லாத பிரேக்கை. பெண்டாட்டி பக்கத்தில் படுத்திருந்து எத்தனை உதை வாங்கியிருக்கிறாள், கனவில் எந்த மடையனையோ காப்பாற்றிக்கொண்டிருப்பேன்.

வெயிலுமுத்து மாமா வந்து டிவிஎஸ் வண்டியை நிழலில் விட்டார். அதே நேரத்துக்கு ஏழரை மணி கிளாசுக்கு டீச்சரும் வந்துவிட்டாள், குடும்பப் பேச்சு நடப்பதைப் பார்த்து வேலியோரம் ஒதுங்கி நின்றாள், கையில் டிபன் பாக்ஸ் பை, கண்ணாடி வளையல். நான் அவளைப் பார்க்கவில்லை, பார்க்கவே இல்லை. மாமா விபூதிச் சம்புடத்தைத் திறந்து இரண்டு வண்டிக்கும் பூசினார். ஒரே வயித்துல பிறந்தது ரெண்டும், இப்பிடியாப்பா என்று ஆரம்பித்து, எங்கள் மூஞ்சியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தவசி பங்கு வச்சாச்சு, குரு, நீதான் எடுக்கணும், நல்லா ரோசிச்சுச் சொல்லு, பெறகு மாத்திப் பேசக் கூடாது. நான் சிவப்பைப் பார்த்தேன், பானெட்டில் என் குழி. வெள்ளையைப் பார்த்தேன், மினுமினுவென்று நின்றது, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி. அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், என் பழிவாங்கும் புத்தி அவனுக்குத் தெரியும், வம்புக்காகவே வெள்ளையைக் கேட்பேன் என்று பயந்து நிற்கிறான். அந்தப் பயம் எனக்கு இனித்தது. சிவப்பு என்றேன். ஏய், நல்லா ரோசிச்சியா என்றார் மாமா. சிவப்புதான் மாமா. அண்ணன் முகம் அப்படியே இளகிவிட்டது, நாற்பது வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. என்னவோ சொல்ல வந்தான், சொல்லத் தெரியாமல், ஆபீஸ் சாவி ஒண்ணு வீட்டுல கிடக்கு, தாரேன் என்றான். பிறகு டீச்சரை நோக்கிக் கையசைத்து, வாங்க டீச்சர், இன்னைக்கு ஹைவேல போயிப் பார்த்துருவோம் என்றான்.

ஹைவே. அவள் ஓடிவந்தாள், எனக்கு ஒரு வணக்கம் வேறு, பையைப் பின்சீட்டில் போட்டாள், வலதுபக்கம் ஏறினாள். காலியாக இருந்த சீட்டு நிறைந்துவிட்டது. சீட்டை முன்னால் இழுத்தாள், பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள், நான் சொல்லிக்கொடுத்த வரிசை, கண்ணாடியைச் சரிசெய்தாள், அதில் அவள் கண் தெரிந்தது. அண்ணன் இடதுபக்கம் ஏறிக் கண்ணாடியை ஏற்றினான், ஏசி போட்டிருப்பான், வெள்ளையில் ஏசி வேலை செய்யும். வண்டி நகர்ந்தது. நகரட்டும். அவள் நன்றாகத்தான் ஓட்டுவாள், அவள் பிரேக்கு நல்ல பிரேக்கு, வலதுபக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை, அவள் ஒழுங்காக மிதித்தால், மிதிக்க மாட்டாள், பயந்தால் இரண்டு காலையும் தூக்கிக்கொள்வாள், எனக்குத் தெரியும், கம்பத்தில் இடித்த அன்றைக்கும் தூக்கிக்கொண்டாள், அவளுக்கு நாங்கள்தான் கால். வாசலுக்கு ஐம்பது அடி. அண்ணே என்றேன். அண்ணே நில்லு என்று கத்தினேன், மாமா திரும்பினார், வண்டி திரும்பவில்லை, ஓடினேன், வாசல் வந்துவிட்டது, தெற்கே ஹாரன் கேட்கிறது. காலில் ஒரு கல் தட்டியது. எடுத்து எறிந்தேன். பின்கண்ணாடி முழுசாக வெடித்துக் கொட்டியது, டீச்சர் அலறினாள், கிளச்சை விட்டாள், வெள்ளை வண்டி வாசலிலேயே குலுங்கி நின்றது, பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக.

அண்ணன் இறங்கி வந்த வேகத்தில் முதல் குத்து வாயில் விழுந்தது. ரெண்டாவது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, கீழே கிடந்தேன், வயிற்றில் உதைத்தான், சிவப்ப எடுத்துட்டு இப்ப எரியுதோ, எரியுதோ நாயே என்று ஒவ்வொரு உதைக்கும் ஒரு தடவை கேட்டான், மாமா அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தொங்கினார். வலிக்கவில்லை. அடிக்கட்டும், நன்றாக அடிக்கட்டும், இது எங்களுக்குத் தெரிந்த பேச்சு. வாயில் இருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, இடது பிரேக்கு வயரு என்றேன். என்னது என்றான். வயரு அறுந்துருக்கு, குனிஞ்சு பாரு. அவன் காலை ஓங்கியபடி நின்றான். பிறகு போனான், கதவுக்குள் தலையைக் கொடுத்து மூடியைப் பிடுங்கினான், கையை விட்டு இழுத்தான். லேசாகத்தான் இழுத்திருப்பான், கையோடு வந்துவிட்டது. அந்த வயரைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தான், அதைப் பார்த்தான், என் காதைப் பார்த்தான். அன்னைக்கு மிதிச்சியா என்றான். மிதிச்சேண்ணே. எப்பப் பார்த்த இதை? நான் இன்றைக்குக் காலையில் என்று சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது. முந்தாநாள் சாயங்காலம் என்றேன்.

முந்தாநாளா என்றான். நேத்து இந்த வண்டில காலைல டீச்சரு, பெறகு பேங்குத் தம்பி, அந்த மில்லுக்காரப் பிள்ள, மாசமா இருக்காளே, ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் பெரியவரு, சாயந்தரம் காலேஜு பயலுவ ரெண்டு பேரு. ஆறு பேரு. ஒவ்வொரு பெயருக்கும் வயரின் முனையில் ஒரு பிரியை மடக்கினான். மாமா அவன் இடுப்பை விட்டுவிட்டுத் தள்ளி நின்றார். அடிண்ணே என்றேன். அவன் கை தொங்கிக்கொண்டே இருந்தது. அடி, அடிச்சுக் கொல்லு என்று அவன் காலைப் பிடித்தேன், அவன் காலை மெதுவாக உருவிக்கொண்டான், செருப்பில் ஒட்டியதைத் தட்டிவிடுகிற மாதிரிகூட இல்லை, ரொம்ப மெதுவாக. என் ரத்தத்தைத் துடைக்க டீச்சர் இறங்கிக் கைக்குட்டையோடு ஓடிவந்து பக்கத்தில் குனிந்தாள், கண்ணாடித் துண்டுகள் அவள் முந்தானையில் இருந்தன. அண்ணன் அவளிடம், குரலை உயர்த்தாமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி, இங்கிட்டு வந்துருங்க டீச்சர், அவன் பக்கத்துல நிக்காதீங்க என்றான். அவள் என்னையும் வயரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து தள்ளி நின்றாள்.